துன்பத்தை வெல்லும் மாந்தர்: ஊவாத் தோட்டச் சிறாரின் விடுமுறை வாசிப்பு குறித்து ஒரு நோக்கு

தவணை விடுமுறையில் வாசிப்பதற்கென மாணாக்கர்க்கு நூல்களைப் பரிந்துரைக்கும் வழக்கம் வரவேற்கத்தக்கதே. ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரை பயில்வோர்க்குத் துன்பத்தை வென்ற மாந்தர் பற்றிய கதைகள் விதந்துரைக்கப்படுவதும் இயல்பே. ஆயின் பசறையிலோ மடுல்சீமையிலோ லயத்து அறையொன்றில் இருந்து வாசிக்கும் பிள்ளைக்கு இக்கதைகள் எத்தகைய உலகநோக்கை அளிக்கின்றன என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. அதனை எழுப்புதலே இங்கு எமது நோக்கம்.

இக்கதைகளுட் பல தனிமனித வெற்றிக் கதைகளாகும். 1859இல் வெளிவந்த சாமுவேல் ஸ்மைல்ஸின் 'தன்னுதவி' என்னும் பொருள்படும் நூல் இவ்வகை எழுத்துக்கு வலிமையானதோர் அச்சை வார்த்துத் தந்தது. வறுமை ஒரு சோதனை. விடாமுயற்சி அதனைக் கடக்கும் வழி. கடந்தவன் உயர்ந்தோன் என்பதே அவ்வச்சு. மரக்குடிலிற் பிறந்து அமெரிக்க சனாதிபதியான ஆபிரகாம் லிங்கனின் வரலாறும் சிறுவர் நூல்களில் இவ்வச்சிலேயே பெரிதும் வார்க்கப்படுகின்றது. முயற்சியைப் போற்றுவதில் எமக்கு மாறுபாடில்லை. எனினும், இத்தருக்கத்தின் மறுபக்கத்தையும் பிள்ளை வாசித்துவிடுகின்றது. முயன்றவர் வெளியேறினார் எனின், லயத்தில் எஞ்சியோர் முயலாதவர் என்றாகிறது. விடியற்காலையில் மலையேறிக் கொழுந்து பறிக்கும் தாயைவிட முயன்றவர் யார்? அத்தாயைக் குறித்து நாணமுறக் கற்பிக்கும் நூல், எத்துணை நல்லெண்ணத்துடன் எழுதப்பட்டதாயினும், ஊறு செய்வதேயாம்.

மலையகத்தின் துன்பம் விதியால் விளைந்ததன்று. அதற்கு வரலாறு உண்டு. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்குப் புறம்பாகவே நின்றன. அவை முற்றாக அரசின் பொறுப்பில் வர முப்பதாண்டுகளுக்கு மேல் சென்றது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனத் தொகை பிரித்தது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவிற் புதையுண்டன. அபாயம் பற்றிய எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. தமக்கெனக் காணியும் வீடும் அற்ற மக்கள் எங்குச் செல்வர்? இத்தகைய துன்பத்தைத் தனியொருவனின் மனவுறுதிக்கான சோதனையாகச் சித்திரிப்பது யதார்த்தத்தை மறைப்பதாகும்.

இக்குறையை நிரப்பத்தக்க எழுத்து ஊவா மண்ணிலேயே தோன்றியுள்ளது. ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்து, தாம் தொழில் புரிந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் (1934–2022), 'காலங்கள் சாவதில்லை' (1974) நாவலாலும் 'நாமிருக்கும் நாடே' (1979) சிறுகதைத் தொகுப்பாலும் அம்மக்களை இலக்கியத்தில் நிலைநிறுத்தினார். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) தமிழகத்திலிருந்து வந்தோரின் வாழ்வை வள்ளி என்னும் பெண்ணின் வழி காட்டுகின்றது. எனினும் இவற்றை அப்படியே சிறார் கையிற் கொடுத்துவிட முடியாது. ஒற்றை அறை வாழ்வின் நெருக்கடியைப் பேசும் ஜோசப்பின் 'மீன்கள்' சிறந்த படைப்பே, ஆயின் வளர்ந்தோர்க்குரியது. மேலும், மலையக எழுத்துக்கள் பலவற்றில் துன்பம் துலக்கமாகவும், மீட்சி மங்கலாகவும் அமைந்துள்ளமை மறுக்கவொண்ணாதது. ஆசிரியர் தெரிந்தெடுத்து, உடனிருந்து வாசிப்பிக்க வேண்டிய தேவை இதனாலேயே எழுகின்றது.

மீட்சி எவ்வாறு எழுதப்படலாம் என்பதற்குச் சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்' தக்க சான்று. தமிழிலும் வெளிவந்துள்ள இக்குறுநாவலிற் கிர்கீசியக் கிராமத்து அநாதைச் சிறுமி அல்தினாய் கல்வியால் உயர்கின்றாள். தாமே அரைகுறையாய்க் கற்ற தூய்ஷேன், பழைய குதிரை லாயமொன்றைப் பாடசாலையாக்கி, பிள்ளைகளைக் குளிர்ந்த ஓடையினூடே சுமந்து சென்றமையாலேயே அவ்வுயர்வு வாய்த்தது. பின்னாளில் ஊரிற் புதிய பாடசாலை திறக்கப்படுகையில் அல்தினாய் விருந்தினராய் மதிக்கப்படுகின்றாள். தூய்ஷேனோ தபாற்காரராய் வெளியே நிற்கின்றார். அவள் நாணுகின்றாள். அந்நாணம் பிறந்த இடத்தைக் குறித்ததன்று. தன்னை உயர்த்தியவரை ஊர் மறந்தமை குறித்தது. தனிமனித வெற்றிக் கதைக்கும் இதற்குமுள்ள வேறுபாடு இதுவே.

விடுமுறையிலும் பிள்ளைகளுக்குத் துயரக் கதைகளா எனச் சிலர் வினவலாம். நகைச்சுவையும் வீரசாகசமும் வேண்டப்படுவனவே. தோட்டத்துப் பிள்ளை தோட்டக் கதையை மட்டுமே வாசித்தல் வேண்டும் என்றும் நாம் கூறவில்லை. துன்பத்தைப் பேசும் நூலைத் தெரியும்போது மூன்று வினாக்கள் போதும். துன்பத்துக்குக் காரணம் யாது என்பதை இந்நூல் காட்டுகின்றதா? பாத்திரம் எவருடைய துணையால் எழுந்தது? எழுந்தபின் அது எவரை நினைக்கின்றது? இவற்றுக்கு விடை தரும் நூலை வாசித்த பிள்ளை, விடுமுறை முடிந்து பாடசாலைக்குத் திரும்புகையில் லயத்தை மறைக்க வேண்டிய முகவரியாகக் கருதாது. மாற்றப்பட வேண்டிய நிலைமையாகவும், மதிக்கப்பட வேண்டிய மனிதர் வாழும் இடமாகவும் அதனைக் காணும்.