காந்தமும் படமும்

ஒரத்தநாட்டில் ஒரு வீட்டு ஃப்ரிட்ஜின் கதவு. வெளிநாட்டில் பிழைக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு விடுமுறை வாங்கிவந்த காந்த வில்லைகள். 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலும், 1964இல் சிங்கப்பூர் சுற்றுலா வாரியத்துக்காக வரையப்பட்ட சிங்கத்தலை மீனும் அங்கே ஒரே அளவு. சரித்திரத்தைக் கழித்த ஞாபகம் இரண்டு அங்குலம்தான் என்று தோன்றியது. நம் கவிதைகளில் பலவும் இந்த வகைதான்: ஓர் ஊர்ப்பெயர், கொஞ்சம் வர்ணம், மேலே பூசிய ஏக்கம்.

ஆனால் அந்த வீட்டு அம்மாள் படங்களைப் பார்ப்பதில்லை. சிங்க மீனின் கீழே கேஸ் ரசீது. ஈபிள் கோபுரத்தின் கீழே சர்க்கரை வியாதிக்கான மாத்திரைச் சீட்டு. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்துப்போட்டது. நாட்கணக்கில் கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜ் வெறும் அலமாரியாயிற்று. சீட்டுகள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றன. அவற்றைப் பிடித்திருந்தது வில்லையின் முதுகிலுள்ள கறுப்புத் துண்டு. அதற்குக் கரண்ட் வேண்டாம்.

படிமத்தைப் பற்றி இத்தனை காலம் பேசிய நாம் அதன் முதுகைத் திருப்பிப் பார்த்ததில்லை. ஒரு மாத்திரைச் சீட்டின் கனத்தையாவது தாங்குகிறதா என்பதே நான் இனிக் கேட்கப்போகும் கேள்வி. என் வரிகளிடம் முதலில்.