அப்பாவி என்ற சொல்

'அப்பாவி' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம்: குற்றம் செய்யாதவன், சூதுவாது தெரியாதவன். இரண்டும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டிருப்பதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. அநீதிக்கு ஆளானவன் நம் இரக்கத்தைப் பெற வேண்டுமானால், யாருக்கும் தீங்கு செய்ய ஏலாதவனாகவும் இருந்தாக வேண்டும். இந்த நிபந்தனையை மறுத்த நாவல் பூமணியின் 'வெக்கை' (1982).

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1960) அந்த நிபந்தனைக்கு உட்பட்டே எழுதப்பட்டது. பாடுவதைத் தவிர வேறெதுவும் செய்யாத பறவை அதன் குறியீடு. பொய்க் குற்றம் சுமத்தப்பட்ட கறுப்பு மனிதன் டாம் ராபின்சனின் இடது கை, சிறுவயதில் பருத்தி அரவை இயந்திரத்தில் சிக்கி விளங்காமல் போனது. அடிக்க முடியாத அந்தக் கையே அவன் சாட்சி. வெள்ளை ஜூரிகளிடம் அது எடுபடவில்லை. வாசகனிடம் எடுபடுகிறது, வாசகன் அழுவது அந்தக் கையை நம்பித்தான்.

'வெக்கை' கரிசல் மண்ணின் கதை. பதினைந்து வயதுச் சிதம்பரத்தின் கை நன்றாக விளங்கும் கை. நிலத்தகராறில் அண்ணனைக் கொல்வித்த வடக்கூரானின் கையை மட்டும் வெட்டத்தான் போகிறான், ஆளே செத்துப்போகிறான். பிறகு அப்பனும் மகனும் காடுகளில் பதுங்கித் திரிவதும், பொங்கித் தின்பதும், பேசிக்கொள்வதும்தான் நாவல். பையனுக்காகப் பூமணி வாதாடவில்லை. அவன் தோளில் எந்தப் பறவையையும் உட்கார்த்தவில்லை. அவனது பிள்ளைத்தனம் கொலைக்குப் பின்னும் அழியவில்லை. கொலையும் கொலையாகவே நிற்கிறது. இயல்புவாதம் என்று பெயரிட்டு ஒதுக்கும் விமர்சனம் இந்தச் சங்கடத்தைத் தொடுவதில்லை. 'அசுரன்' (2019) படமும் கதையின் பாரத்தைப் பையனிடமிருந்து அப்பன் தோளுக்கு மாற்றியது. வீரம் வந்தது, சங்கடம் போயிற்று.

இதை எழுதும் ஓரிக்கைக்கே அநீதி பற்றிய கதை ஒன்று உண்டு. மன்னனைப் பாட மறுத்த கணிகண்ணனைப் பல்லவன் நாடு கடத்தினான். குரு திருமழிசையாழ்வார் உடன் கிளம்பினார். அவர் சொல்லுக்கிணங்கிப் பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் 'ஓரிரவிருக்கை'. அதுவே ஓரிக்கை ஆயிற்று என்பார்கள். காஞ்சி இருண்டது. மன்னன் வந்து மன்றாடினான். எல்லோரும் திரும்பினார்கள்.

கணிகண்ணன் கையில் ரத்தம் இல்லை. கடவுளே கூட வருகிறார். சிதம்பரத்தோடு போனது அப்பன் மட்டும். அவர்களுக்காக எந்த ஊரும் இருளவில்லை, எவனும் மன்றாட வரவில்லை. காட்டைவிட்டு அவர்கள் நடப்பது கோர்ட்டுக்கு. அங்கே அவனை அப்பாவி என்று யாரும் சொல்லப்போவதில்லை. நாமும் தயங்குகிறோம். ஆனாலும் அநீதி முதலில் யார் வீட்டுக்கு வந்தது என்பது நமக்குத் தெரியும். அந்தப் பையனுக்கு நம் மொழியில் இன்னும் ஒரு சொல் இல்லை.