வண்டின் முகம்

லீவன் பிஸ் என்னும் பிரிட்டிஷ் படப்பிடிப்பாளர் ஆக்ஸ்போர்டு பொருட்காட்சிசாலைப் பூச்சிகளைப் பெருக்கிக் காட்டி, 2016-இல் அங்கேயே காட்சிக்கு வைத்தார். ஒவ்வொரு படமும் சுமார் 8,000 படங்களின் சேர்க்கை! நுண்ணோக்கிக் கண்ணாடியில் தெளிவாய்த் தெரிவது மயிரிழையினும் மெல்லிய ஓர் அடுக்கே; ஆதலின் காமிராவை 10 மைக்ரான் வீதம் நகர்த்தி நகர்த்தி எடுத்தார். வண்டின் முதுகோட்டில் மலையும் மடுவும் கண்டு வியந்தோம். எனினும் அவை செத்த பூச்சிகள். கருந்திரையின்முன் இலையுமில்லை, இரையுமில்லை.

ஜொகூர்ச் செம்பனைத் தோட்டங்களில் காண்டாமிருக வண்டை நாம் குருத்துக்குப் பகையென்றே அறிவோம். ஓலை விரிந்தபின் கத்தரித்தாற்போன்ற வெட்டு அதனைக் காட்டிக்கொடுக்கும். பிடிக்கிறோம், எண்ணுகிறோம், கணக்கிற் பதிகிறோம்; முகத்தைப் பார்த்தவர் யார்? கைப்பேசியில் சிறு உருப்பெருக்கியை ஒட்டி, வேலியோரத்து வண்டு உயிரோடு இலை கடிப்பதை நம் சிறுவரொருவர் எடுக்கும் மங்கற்படத்தையே நாம் உயர்வாக மதிப்போம்.