தடுத்தும் போகிறவர்கள்

துன்பியல் நாயகன் ஏன் தவறு செய்கிறான் என்ற கேள்வி வந்தால் விமர்சகர்கள் முதலில் அரிஸ்டாட்டிலிடம்தான் போகிறார்கள். முழு நல்லவனும் இல்லாத, முழுக் கொடியவனும் இல்லாத ஒருவன் ஏதோ ஒரு பிழையால் வீழ்கிறான் என்றார் அவர். ஈடிப்பஸ் அறியாமல் பிழை செய்தான். தந்தை என்று தெரியாமல் கொன்றான். தாய் என்று தெரியாமல் மணந்தான். நம் மேடைகளில் இந்த அறியாமைக்கு இடம் குறைவு. நாயகனை யாராவது வழிமறிக்கிறார்கள், வரப்போவதைச் சொல்கிறார்கள், அழுகிறார்கள். அவ்வளவையும் கேட்டுவிட்டு அவன் போகிறான். அப்படிப் போக வைப்பது எது?

இதை யோசிக்கக் கண்டி வட்டாரம் நல்ல இடம். 1961இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் எதிரிவீர சரச்சந்திர 'சிங்கபாகு'வைச் சிங்களத்தில் மேடையேற்றினார். 1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதே பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 'கர்ணன் போர்' தந்தார். அந்தப் பத்தாண்டின் நடுவிலே 'இராவணேசன்' வந்தது. விடிய விடிய ஆடும் வடமோடிக் கூத்தைச் சுருக்கி, படித்தவர்கள் ஏளனமாகப் பார்த்த கலையை அவர்கள் முன்பே நிமிர்த்தி வைத்தவர் வித்தியானந்தன். சில ஆண்டுகளுக்குள், ஒரே பல்கலைக்கழகச் சூழலில், இரண்டு மொழிகளிலும் வீழும் நாயகர்கள் மேடைக்கு வந்தார்கள்.

'இராவணேசன்' கூத்தை எழுதி, இராவணனாகவும் ஆடியவர் அப்போது மாணவராக இருந்த சி. மௌனகுரு. தீயவனாகவே பழகிய பாத்திரத்தை அவர் துன்பியல் நாயகனாக எடுத்துக்கொண்டார். அதற்கான வித்து கம்பனிலேயே இருக்கிறது. தம்பியர் இருவரும் அறிவுரை சொல்கிறார்கள், பாட்டன் மாலியவான் சொல்கிறான், இராவணன் கேட்பதில்லை. காமத்தால் அறிவு மழுங்கியது என்று இதைச் சொல்லி முடிப்பது வழக்கம். எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. முதல் நாள் போரில் எல்லாம் இழந்து வெறுங்கையோடு இலங்கைக்குத் திரும்பும் இராவணனைக் கம்பன் எப்படிக் காட்டுகிறான் என்று பாருங்கள். வானும் மண்ணும் சிரிப்பதை அவன் பெரிதாக எண்ணவில்லை. பகைவர் சிரிப்பதையும் எண்ணவில்லை. சானகி சிரிப்பாளே என்பதுதான் அவனைக் கூனவைக்கிறது. இந்த நாணத்துக்குப் பிறகு சீதையைத் திருப்பி அனுப்பும் வழி அவனுக்குள் அடைபட்டுவிடுகிறது. தொடக்கத்தில் ஆசை இழுத்தது. பிறகு, பிறர் கண்ணில் இறங்கிவிடக் கூடாது என்ற மானம் தள்ளியது. தன் மக்களையும் தம்பியையும் களத்துக்கு அனுப்பியது அந்த மானமே.

கர்ணனைத் தள்ளுவது வேறு. பாண்டவர் தன் தம்பியர் என்று அறிந்த பின்னும் அவன் துரியோதனனை விட்டு வருவதில்லை. செஞ்சோற்றுக் கடன் அவனைக் கட்டிப்போடுகிறது. அவையில் அவமானப்பட்டு நின்றபோது கைகொடுத்தவனுக்கு நன்றி மறப்பதைவிட, அநியாயத்தின் பக்கம் நின்று சாவது மேல் என்று நினைக்கிறான். நம் ஊர் ரசிகர் இன்றும் அவனுக்காகத்தான் அதிகம் அழுகிறார். ஆனால் திரௌபதியை இழிவாகப் பேசிய வாயும் அவனுடையதே. அதைச் செஞ்சோற்றுக் கடன் மூடிவிட முடியாது.

சிங்கபாகு கதையின் மூலம் மகாவம்சத்தில் இருக்கிறது. குகையை விட்டு மனிதர்களோடு வாழ ஓடிய மகன், தேடி வந்த சிங்கத் தந்தையை அம்பெய்து கொல்கிறான். மகன் மேல் அன்பு நிறைந்திருந்த வரையில் அம்பு தந்தையின் உடலில் தைக்கவில்லை, தந்தைக்குக் கோபம் வந்ததும் தைத்தது என்கிறது பழங்கதை. இங்கே பிழையின் வேர், தான் பிறந்த இடத்தை மறுத்து இன்னோர் உலகில் ஏற்கப்பட வேண்டும் என்ற ஏக்கம்.

அச்சத்தால் கெட்ட நாயகனைக் கண்டிச் சரித்திரமே தந்தது. முதலமைச்சன் பிலிமத்தலாவ 1798இல் அரியணை ஏற்றிய கண்ணுசாமி, ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கனாக எல்லோரையும் சந்தேகிக்கத் தொடங்கினான். பிறகு அமைச்சனாக இருந்த எஹெலபொலவின் மனைவி மக்களைக் கொல்வித்தது அந்தச் சந்தேகத்தின் உச்சம். 1815இல் ராச்சியமும் போயிற்று. 1832இல் வேலூரில் சிறையிருப்பிலேயே இறந்தான். ஜோன் த சில்வாவின் சிங்கள நாடகமும் யாழ்ப்பாணத்துக் 'கண்டியரசன்' கூத்தும் அவனை மேடைக்குக் கொண்டுவந்தன.

பேராதனையிலிருந்து கலஹா, தெல்தோட்டை வழியாக ஹேவாஹெட்ட மலைகளுக்கு ஏறினால் இந்தப் பட்டியலில் பலரும் சேர்க்காத ஒரு நாயகனைச் சந்திக்கலாம். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துர இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. இத்தகைய மலையகத் தோட்டங்களில் மாசி மாதம் கம்பம் ஊன்றி, தப்பு முழங்க ஆடுவது காமன் கூத்து. காமனாகிய மதனாகவும் அவன் மனைவி ரதியாகவும் வேடம் கட்டுகிறவர்கள் விரதம் இருக்கிறார்கள். கதை எல்லோருக்கும் தெரியும். தவத்தில் இருக்கும் சிவன் மேல் மலர்க்கணை விட வேண்டும் என்று தேவர்கள் மதனை அழைக்கிறார்கள். போகாதே என்று ரதி மன்றாடுகிறாள். அவன் போகிறான், எரிகிறான்.

மதனுக்கு ஆசையும் இல்லை, மானப் பிரச்சினையும் இல்லை. கட்டளை வந்தது; மறுத்தால் மேலிடத்தின் கோபம். கச்சியப்பரின் கந்தபுராணத்திலும் காமன் முதலில் மறுக்கிறான். பிரமன் சாபம் கொடுப்பேன் என்று மிரட்டிய பிறகே, அதைவிடச் சிவன் கையால் அழிவது மேல் என்று புறப்படுகிறான். எந்தப் பக்கம் போனாலும் அழிவு. செய்தவன் சாம்பலானான், செய்யச் சொன்னவர்களுக்கு ஒரு கீறலும் இல்லை. காலையில் ஆள்பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்று, துரை சொல்லக் கணக்கப்பிள்ளை சொல்ல, சொன்ன மலைக்குப் போன சனங்கள் இந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகக் கைவிடாமல் ஆடியது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. தஞ்சைப் பக்கத்தில் காமன் எரிந்தானா, எரியவில்லையா என்று இரு கட்சியாகப் பிரிந்து லாவணி பாடுவார்கள். மலையகத்தில் கூத்து ரதியின் புலம்பலில் நீண்டு நிற்கிறது. எச்சரித்தவளின் குரலுக்குக் கூத்து இவ்வளவு நேரம் ஒதுக்குகிறது என்பது எளிய விஷயமில்லை. இராவணனின் மனைவி மண்டோதரிக்கும் நம் மேடைகள் இந்த அளவு நேரம் கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

கீழ்ப்படிதலும் ஒருவனைப் பிழைக்குத் தள்ளும். அரிஸ்டாட்டில் சொன்ன நாயகன் உயர்குடிப் புகழோடு இருப்பவன். அவனுக்குக் கட்டளையிடுபவர் அதிகம் இல்லை. ஆகவே அந்த அளவுகோலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தேடினால் மதன் கண்ணில் படமாட்டான். இராவணேசனைப் பற்றி நாம் எவ்வளவோ எழுதிவிட்டோம், எழுதவும் வேண்டும். காமன் கூத்தைச் சடங்கு என்றும் நாட்டார் வழக்காறு என்றும் ஒதுக்கி வைத்ததில்தான் குறை. அது துன்பியல் நாடகம். நாடகமும் அரங்கியலும் கற்பிக்கும் வகுப்புகளில் கர்ணனுக்கும் இராவணனுக்கும் பக்கத்திலேயே அதை வைத்துப் படிக்க வேண்டும்.

அதற்குப் பாடம் கையில் வேண்டும். பாட்டுகள் பெரும்பாலும் மூத்தவர்களின் நினைவிலும் பழைய கொப்பிகளிலுமே கிடக்கின்றன. உங்கள் வீட்டில் தாத்தாவோ மாமாவோ காமன் கூத்துப் பாட்டு எழுதி வைத்த கொப்பி இருந்தால், ஒரு பிரதி எடுத்து, ஆவணங்களைக் காக்கும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். பாடத் தெரிந்தவர் இருந்தால் வரும் மாசியிலேயே அவர் குரலைப் பதிவு செய்யுங்கள்.