வர்ணம் ஏற்றுகிறவர்கள்

மூக்கண்டப்பள்ளியில் என் தங்கை வீட்டுக் கல்யாணம் சென்ற ஆண்டு நடந்தது. ஓசூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய அந்த ஊரில், வந்தவர்கள் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் வாழ்த்தினார்கள். மண்டபம் நிறைய ரோஜா. ரோஜாவுக்கா ஓசூரில் பஞ்சம்? ஒரு மாதம் கழித்து ஆல்பம் வந்தது. மணப்பெண்ணான என் மருமகள் இரண்டு பக்கம் புரட்டினாள், மூடிவிட்டாள்.

"ஏம்மா, பிடிக்கவில்லையா?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா இது நான் இல்லையே!"

வாங்கிப் பார்த்தேன். மாநிறத்துக்கு ஒரு படி கறுப்பான, களையான முகம் அவளுக்கு. படத்திலோ அது சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த செங்கல்லாக இருந்தது. அரக்குப் பட்டு தீப்பற்றி எரிந்தது. கழுத்து மாலையில் பூவும் இல்லை, இதழும் இல்லை. சிவப்புக் குழம்பு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

ஆல்பத்தோடு ஸ்டூடியோவுக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த இளைஞன் கோபித்துக்கொள்ளவில்லை. "எல்லாரும் தூக்கலாத்தான் சார் கேக்கறாங்க. உள்ளபடி கொடுத்தா, காசு வாங்கிட்டு வேலையே செய்யலைன்னு சொல்றாங்க" என்றான். பிறகு மூலப் படத்தைத் திரையில் வைத்து, தன் வித்தையைக் காட்டினான்.

திரையின் ஓரத்தில் இரண்டு கோடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு குமிழ். ஒன்றின் பெயர் சாச்சுரேஷன். அதை வலப்புறம் தள்ளினால் எல்லா வர்ணமும் ஒரே விகிதத்தில் ஏறும். ஆனால் ஏறுவதற்கு ஓர் எல்லை உண்டு. சாதாரணமாக இத்தகைய படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் 0 முதல் 255 வரை எண்ணால் அளக்கிறார்கள். வெயில் பட்ட இதழின் சிவப்பும், நிழலில் ஒதுங்கிய இதழின் சிவப்பும் தள்ளத் தள்ள ஒரே சுவரில் போய் முட்டிக்கொள்கின்றன. சிவப்புக்கும் சிவப்புக்கும் இருந்த வேற்றுமையால்தான் பூவின் மடிப்பு நமக்குத் தெரிந்தது. அது போனால் பூவும் போயிற்று.

இன்னொரு குமிழின் பெயர் வைப்ரன்ஸ். 2007-இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட லைட்ரூம் மென்பொருளிலேயே இது இருந்தது. இதற்குக் கொஞ்சம் விவேகம் உண்டு. வெளிறிக் கிடக்கும் வர்ணத்தை அதிகமாகத் தூக்கும். ஏற்கெனவே செழித்திருப்பதை அவ்வளவாகத் தொடாது. மனிதத் தோலின் நிறத்திடம் முடிந்தவரை அடக்கமாக நடந்துகொள்ளும். பந்தியில் இலை காலியாக இருப்பவனைப் பார்த்துப் பரிமாறுகிறவனுக்கும், வாளியைச் சாய்த்துக்கொண்டே ஓடுகிறவனுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

வர்ணமோகம் நமக்குப் புதிதல்ல. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனித்தனிக் கல் வைத்து, லட்சுமியையும் சரஸ்வதியையும் வீடுதோறும் அனுப்பினார். கோவில்பட்டியில் கொண்டையராஜு வரைந்த தெய்வங்கள் காலண்டர்களாகித் தமிழ்நாட்டுச் சுவர்களை நிறைத்தன. அவையும் பளபளப்பானவைதாம். ஆனாலும் அவை நம்மை உறுத்தவில்லையே, ஏன்? லட்சுமியைப் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. அந்த வர்ணம் ஓவியனின் கற்பனைக்குச் சொந்தம். என் மருமகளோ ஆல்பத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்!

'முகலே ஆஸம்' படம் 1960-இல் வெளிவந்தபோது பெரும்பகுதி கறுப்பு வெள்ளை. கண்ணாடி மாளிகைப் பாட்டு முதலிய சில பகுதிகளே வர்ணம். 2004-இல் முழுவதுக்கும் வர்ணம் ஏற்றி மறுபடி திரையிட்டார்கள். உழைப்பு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் சாம்பல் உலகத்திலிருந்து திடீரென்று கண்ணாடி மாளிகைக்குள் நுழையும் அந்தத் திகைப்பு எங்கே? எல்லா அறைகளும் மாளிகையாகிவிட்டால் மாளிகைக்கு வாசல் ஏது?

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்பது வேறு விஷயம். என் ஆரம்பக் கதைகளில் நிலவு வெறுமனே காய்ந்ததில்லை, பால் பொழிந்தது. கதாநாயகி அழுதால் முத்து உதிர்ந்தது. நானும் அந்தக் குமிழைக் கடைசிவரை தள்ளியவன்தான். கதை முடியும்போது வாசகர் நெஞ்சில் நின்றது நிலவுதான். அழுத பெண் அல்ல.

அந்த இளைஞன் அரை மணி நேரத்தில் படத்தைத் திருத்திக் கொடுத்தான். பின்னணியில் மங்கிக் கிடந்த தோரணம் துளிர்த்தது. மாலையில் இதழ்கள் பிரிந்தன. நடுவில் என் மருமகள், அவள் நிறத்திலேயே சிரித்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, பீரோவில் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

ஆனால் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது அந்தச் செங்கல் முகம்தான். "இதுலதான் கொஞ்சம் நிறமா தெரியறா" என்கிறாள் என் தங்கை. பெற்ற தாய்க்கே மகளின் நிறம் ஒரு குறையாகப் படும்போது, கேட்டதைக் கொடுத்த கடைக்காரனை மட்டும் கோபித்து என்ன பயன்? குமிழ் அவன் கையில் இருக்கிறது. தள்ளச் சொல்வது நாம்தான்.