சினிமாவாட்டமே இருந்துச்சு

போன வருஷம் கோபிசெட்டிபாளையத்தில் சித்தப்பா மகளின் கல்யாண வரவேற்பு. மேடையில் நாங்கள் நான்கு பேர், என் கையில் கிட்டார். நாலு பேருமே சரவணம்பட்டிப் பக்கம் ஐடி கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். 'இளைய நிலா'வின் தொடக்கத்தில் வரும் கிட்டாரை மூன்று மாதம் மொட்டைமாடியில் பழகியிருந்தேன். அன்று ஒரு தப்பும் வரவில்லை. மண்டபத்தில் ஓடிக்கொண்டிருந்த பொடிசுகள்கூட நின்று பார்த்தார்கள்.

இறங்கியதும் ஒரு பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "சினிமாவாட்டமே இருந்துச்சு சாமி. செரி, பந்திக்குப் போ, கூட்டம் சேந்துக்கும்."

பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார்: "தம்பிக்கு இதேதான் வேலைங்களா?"

"இல்லீங்க, சனிக்கிழமை மட்டுந்தானுங்க" என்றேன். ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போல.

அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது? 24 வயதில் ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதி, அனுப்பாமல் டிராஃப்டில் வைத்திருந்தேன். சென்னைக்குப் போய் இசையில் வாய்ப்புத் தேடுவதாகத் திட்டம். போகவில்லை. அன்றிலிருந்து இடைவேளையோடு நின்றுபோன படமாகத்தான் என்னை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படி நினைக்கக் கற்றுக்கொடுத்தது எது என்று தேடினால், வந்து நிற்பது எங்கள் ஊர்க்காரர் தயாரித்த படம்தான்.

'பயணங்கள் முடிவதில்லை' (1982). கோவைத்தம்பியின் மதர்லேண்ட் பிக்சர்ஸ் தயாரிப்பு, ஆர். சுந்தர்ராஜனின் முதல் படம், இளையராஜா இசை. சென்னையில் வாய்ப்புத் தேடும் ஏழைப் பாடகனாக மோகன். அதே நிறுவனம் 1985இல் எடுத்த 'உதய கீதம்', 'இதயக் கோவில்' இரண்டிலும் அவர் பாடகர்தான். மூன்று படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு சூத்திரம் தெரிகிறது. முதல் படத்தில் பாடகனுக்குக் குணமாகாத நோய். இரண்டாவதில் தூக்குத் தண்டனை. மூன்றாவதில் செத்துப்போன காதலி. பாட்டு என்றால் அதற்கு உயிரை விலையாகக் கொடுத்தாக வேண்டும். அந்த உலகத்தில் சனிக்கிழமை மட்டும் வாசிக்கிறவனுக்கு இடமே கிடையாது. ஒன்று நீ கலைஞன், இல்லையென்றால் கூட்டத்தில் உட்கார்ந்து கைதட்டுகிறவன்.

இன்னொன்றும் உண்டு. திரையில் மைக் பிடித்தவர் மோகன், பாடியவர் எஸ்.பி.பி. பேச்சுக்குரல்கூட அவருடைய பெரும்பாலான படங்களில் எஸ்.என். சுரேந்தருடையது. ஒரு பாடகனை உருவாக்க மூன்று மனிதர்கள் தேவைப்பட்டிருக்கிறார்கள். அந்தப் பாடகனுக்குத் தொண்டை கட்டாது, சுருதி இறங்காது. நாமோ ஒற்றை ஆளாக நின்று அந்த மூவரோடும் போட்டி போடுகிறோம். தோற்றுப்போனால் திறமை இல்லை என்று முடிவுகட்டிக்கொள்கிறோம். பாட்டுக்கும் பணத்துக்கும் உள்ள உறவு சரியாகத் தெரிந்த ஒரே ஆள் அந்தப் படத்தில் கவுண்டமணிதான். அவர் வாடகை கேட்கிற வீட்டுக்காரர். நாம் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம்.

இந்தப் படத்தை மட்டம்தட்டுவது என் நோக்கமல்ல. அது இல்லையென்றால் நான் கிட்டாரே வாங்கியிருக்க மாட்டேன். ஆனால் அது வெட்டி எறிந்த ஒரு பகுதி இருக்கிறது: பழகுவது. பாட்டு அங்கே முழுசாகவே பிறக்கிறது.

அந்தப் பகுதியையே கதையாக எடுத்த படம் ஜான் கார்னியின் 'ஒன்ஸ்' (2007). டப்ளின் நகரத்தில் அப்பாவின் கடையில் வேக்குவம் கிளீனர் ரிப்பேர் செய்யும் ஒருவன், தெருவில் நின்று பாடுகிறான். அவன் சந்திக்கும் பெண்ணுக்குச் சொந்தப் பியானோ கிடையாது. மதிய இடைவேளையில் ஓர் இசைக்கருவிக் கடையில் வாசித்துக்கொள்ளக் கடைக்காரர் விடுகிறார். அங்கே அவன் தன் பாட்டின் கார்டுகளைச் சொல்லித் தருகிறான், அவள் தயங்கித் தயங்கிச் சேர்ந்துகொள்கிறாள். கேமரா அவசரப்படாமல் அங்கேயே இருக்கிறது. நடித்த கிளென் ஹான்சார்டும் மார்கெட்டா இர்க்லோவாவும் நிஜ இசைக்காரர்கள், குரலும் அவர்களுடையதே. மொட்டைமாடியில் எங்களுக்கு நடப்பது இதுதான். படம் மாதிரி இருந்தது என்று நான் சொல்வதானால் அந்தத் தயக்கத்தைத்தான் சொல்வேன். ஆனால் அவனும் கடைசியில் லண்டனுக்குக் கிளம்பிவிடுகிறான். அவர்களுக்கும் ஒரு சென்னை இருக்கிறது.

கிளம்பாமலேயே இருக்கும் கலை ஒன்று எங்கள் பக்கத்தில் உண்டு: வள்ளி கும்மி. பகலெல்லாம் தறியிலும் தோட்டத்திலும் ஆபீஸிலும் இருந்தவர்கள் சாயங்காலம் கோயில் மைதானத்தில் கூடிப் பழகுகிறார்கள். ஒருநாள் அரங்கேற்றம். மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போகிறார்கள். "எப்ப சென்னைக்குப் போறே?" என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. ஆண்களே ஆடிவந்த இந்தக் கலையைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்த மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்ரப்பன் அவர்களுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது அவருக்கு வயது 87. இதற்குள் சாதி அரசியல் நுழைந்துவிட்டது என்ற விமர்சனம் இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் பிழைப்பாக இல்லாத கலை ஒன்றும் குறைந்த கலையல்ல என்பதை அந்த மைதானத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பெரியம்மா சொன்னதில் முதல் பாதியை மட்டுமே நான் இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்தேன். பாட்டையும் பந்தியையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். பாட்டு முடிந்தால் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். சினிமாவில் அந்தப் பந்தி வருவதில்லை.

போன மாதம் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். அங்கேயும் ஒருத்தர் அதையே கேட்டார்.

"சனிக்கிழமையானா வாசிப்பனுங்க" என்றேன்.

"அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை காட்டினார்.