என்ஜின்எக்ஸுக்கு லாரி நம்பர் தெரியும்

சொன்னால் சிரிப்பீர்கள். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ஒரு கான்ஃபிக் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு ரசிக்கிற ஆள் நான். அதிலும் ‘அப்ஸ்ட்ரீம்’ என்று தொடங்கும் அந்த ஆறேழு வரி இருக்கிறதே, அடடா!

திருவொற்றியூரில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டும் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் ஒன்றின் சாட் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். ராயபுரம் பக்கம் ஜீரோ கேட், எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளி, நடுவில் மணலி யார்டுகள் என்று டிரைவர்கள் சிதறிக் கிடப்பார்கள். “அண்ணே, பெட்டி எறக்கியாச்சு, அடுத்து எங்க?”, “லைன் நகரவே மாட்டேங்குது சார்” என்று விடியவிடிய மெசேஜ் வந்தபடி இருக்கும்.

சர்வர் நோட்.ஜேஎஸ்ஸில் சாக்கெட்.ஐஓ வைத்து எழுதியது. நோட் ப்ராசஸ் ஒன்று நம் கோடை ஓட்டுவது ஒரே ஒரு த்ரெட்டில்தான். மெஷினில் நாலு கோர் இருப்பதால் நாலு ப்ராசஸ் ஓடுகிறது, 3001 முதல் 3004 வரை நாலு போர்ட்டில். டிரைவருக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம். அவருக்குத் தெரிவது ஒரே வாசல். அந்த வாசலில் நிற்கிறது என்ஜின்எக்ஸ். உள்ளே இருக்கும் நாலு போர்ட்டையும் அதற்குச் சொல்லிக் கொடுப்பவைதான் அந்த ‘அப்ஸ்ட்ரீம்’ வரிகள்.

ரஷ்யாவின் ராம்ப்ளர் நிறுவனத்தில் வேலை பார்த்த இகோர் சிசோயேவ் 2004 அக்டோபரில் வெளியிட்ட மென்பொருள் இது. ஒரு சர்வர் ஒரே நேரத்தில் பத்தாயிரம் இணைப்பைத் தாங்குமா என்று 1999-ல் டான் கெகல் கிளப்பிவிட்ட கேள்வி அப்போது எல்லோர் தலையிலும் ஓடிக்கொண்டிருந்தது. என்ஜின்எக்ஸின் பதில்: சும்மா காத்திருக்கும் பத்தாயிரம் இணைப்புக்குச் சுமார் இரண்டரை எம்பி மெமரி போதும். இரண்டரை எம்பி! ஒரு டிரைவர் கேட் பாஸைப் போட்டோ எடுத்து அனுப்பினால் அதுவே அதைவிடப் பெரிசு.

விஷயத்துக்கு வருகிறேன். சாக்கெட்.ஐஓ எடுத்த எடுப்பில் வெப்சாக்கெட்டில் இறங்காது. முதலில் சாதாரண ஹெச்டிடிபி கோரிக்கைகளாகப் பேசிப் பார்த்துவிட்டு, வழி சரியாக இருந்தால்தான் மேலே ஏறும். முதல் கோரிக்கை இரண்டாவது ப்ராசஸுக்குப் போனால் அங்கே ஒரு செஷன் ஐடி பிறக்கிறது. அடுத்த கோரிக்கை மூன்றாவதற்குப் போனால், ‘செஷன் ஐடி அன்னோன்’ என்று 400-ஐ முகத்தில் அடிக்கிறது. அதனால் ஒருவர் முதலில் எங்கே போனாரோ, அங்கேயேதான் திரும்பத் திரும்பப் போயாக வேண்டும்.

இதற்கு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுக்கும் மருந்து ‘ஐபி ஹேஷ்’. ஊருக்கெல்லாம் ஒத்துக்கொள்ளும், எங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. அது ஐபிவி4 முகவரியின் முதல் மூன்று எண்களை மட்டும்தான் பார்க்கும். மொபைல் கம்பெனிகளோ ஏகப்பட்ட போன்களை ஒரே முகவரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கின்றன. பாதி டிரைவர்கள் ஒரே கம்பெனி சிம். ஆபீஸ்காரர்கள் அத்தனை பேரும் ஒரே ரவுட்டர். விளைவு, ஒரு ப்ராசஸ் மூச்சு வாங்க, மற்ற மூன்றும் கொட்டாவி விடும்.

அப்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. ‘ஹேஷ்’ என்று போட்டு, எதை வைத்துப் பிரிக்க வேண்டும் என்பதை நாமே சொல்லலாமாம்! யுஆர்எல்லில் வரும் எந்த ஆர்க்யுமென்ட்டையும் கொடுக்கலாம். எங்கள் ஆப் ஒவ்வொரு கோரிக்கையிலும் லாரி நம்பரைச் சேர்த்தே அனுப்புகிறது. அதையே கொடுத்தேன். டிஎன் 03 என்று தொடங்கும் தண்டையார்பேட்டை வண்டியோ, டிஎன் 18 செங்குன்றம் வண்டியோ, எந்த டவரிலிருந்து வந்தாலும், நடுவழியில் முகவரி மாறினாலும், தன் ப்ராசஸுக்கே போய்ச் சேர்கிறது. பெட்டி நம்பரைப் பார்த்தே “நீ அந்தப் பக்கம் போப்பா” என்று கைகாட்டும் யார்டு சூப்பர்வைசர் மாதிரி! (ஆள் யாரென்று சரிபார்த்து உள்ளே விடும் சாவி வேறு. லாரி நம்பர் வழி பிரிக்க மட்டும்.)

அதே வரியின் கடைசியில் ‘கன்சிஸ்டன்ட்’ என்று ஒரு சொல் சேர்க்கலாம். அது இல்லாவிட்டால், நாலை ஐந்தாக்கும்போது ஐந்தில் நாலு பங்கு வண்டிகளுக்கு இடம் மாறிவிடும். அந்த ஒரு சொல் இருந்தால் ஐந்தில் ஒரு பங்குதான் மாறும். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்றைக்கு யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும்போல் இருந்தது. டீக்கடைக்காரரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், பாவம்.

மிச்சம் சில்லறை வேலை. ‘அப்கிரேட்’, ‘கனெக்‌ஷன்’ ஹெடர்களை ப்ராக்ஸி தானாகக் கடத்தாது, கையால் எழுத வேண்டும். வெப்சாக்கெட்டைக் கடத்தும் இந்த வசதியை என்ஜின்எக்ஸ் 2013-லேயே கொடுத்துவிட்டது. அறுபது விநாடி சத்தமே இல்லையென்றால் இணைப்பை வெட்டிவிடும். ஆனால் இப்போதைய சாக்கெட்.ஐஓ இருபத்தைந்து விநாடிக்கு ஒரு பிங் அனுப்புவதால் அந்தக் கவலை இல்லை. முதல் ப்ராசஸில் இருக்கும் டிரைவரின் மெசேஜ் மூன்றாவதில் இருக்கும் சூப்பர்வைசருக்குப் போக, நடுவே ரெடிஸ் என்கிற இன்னொரு மென்பொருள் தூது போகிறது.

ரீலோட் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். கான்ஃபிக்கை மாற்றி ரீலோட் கொடுத்தால், புது இணைப்பை என்ஜின்எக்ஸின் புது வொர்க்கர் ப்ராசஸ் வாங்கிக்கொள்ளும். பழைய வொர்க்கர் கையில் இருக்கும் இணைப்புகள் முடியும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். ‘ஷட்டிங் டவுன்’ என்று ப்ராசஸ் லிஸ்ட்டில் அதன் பேரோடு ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். சாட் இணைப்பு லேசில் முடியாது என்பதால் ‘வொர்க்கர் ஷட்டவுன் டைம்அவுட்’ என்று ஒரு கெடு வைத்துவிடுங்கள். கெடு வந்ததும் மிச்ச இணைப்புகள் அறுந்து, ஆப்பே மறுபடி கூப்பிட்டு, அதே லாரி நம்பரோடு அதே நோட் ப்ராசஸில் போய் உட்கார்ந்துகொள்ளும். டிரைவர் அதற்குள் இன்னொரு முறை “லைன் நகரல சார்” என்று தட்டியிருப்பார்.